பி.எஸ்.டி-95 ஃபிங்ஆர்: சினாப்ஸின் சாரக்கட்டைக் குலைக்காமல் காட்டும் பிளாஸ்மிட் – ஒரு மதிப்பீடு

பி.எஸ்.டி-95 ஃபிங்ஆர் என்பது, நியூரான்கள் இணையும் சினாப்ஸில் பி.எஸ்.டி-95 என்னும் சாரக்கட்டுப் புரதத்தின் மேல் ஒட்டி ஒளிரும் சிறு புரதம்; அதன் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வளைய டி.என்.ஏ-வே பிளாஸ்மிட். உயிருள்ள நியூரானில் சாரக்கட்டுப் புரதங்களைக் காண விரும்புபவர் முதலில் நாடுவது, பி.எஸ்.டி-95 புரதத்தோடு ஒரு ஒளிர்புரதத்தை இணைத்துச் செல்லுக்குள் மிகுதியாக உற்பத்தி செய்யவைப்பதைத்தான். ஆனால் பி.எஸ்.டி-95 அளவுக்கு மீறினால் சினாப்ஸே மாறிவிடுகிறது என்பது 2000-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது: நியூரான் கிளைகளில் சினாப்ஸைத் தாங்கும் சிறு முட்களின் எண்ணிக்கையும் பருமனும் கூடுகின்றன, குளூட்டமேட்டை ஏற்கும் ஆம்பா ஏற்பிகள் கூடுதலாகக் குவிகின்றன. அளக்கப் போன பொருளை அளவுகோலே வளர்த்துவிடுகிறது. ஆன்டிபாடி இட்டுப் பார்க்கலாம். அதற்குச் செல்லை நிலைப்படுத்திக் கொன்றாக வேண்டும், அப்போதும் பிணைப்பிடங்கள் நெரிசலுக்குள் மறைந்துபோவதால் திசுத்துண்டுகளைப் பெப்சின் நொதியால் பதப்படுத்தவேண்டி வருகிறது.

இந்த நெரிசல் ஏன் என்பதற்கு விடை சாரக்கட்டின் (சாரத்தின்) அமைப்பிலேயே இருக்கிறது. கிளர்ச்சிச் சினாப்ஸின் பெறுமுனையில், சவ்வுக்கு அடியில் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள அடர்பரப்பு உள்ளது. அதில் சவ்வை ஒட்டிய அடுக்கு பி.எஸ்.டி-95, தன் முனையிலுள்ள இரு சிஸ்டைன்களில் ஏறிய பால்மிடேட் கொழுப்பால் அது சவ்வைப் பற்றிக்கொள்கிறது. அதன் மூன்று பி.டி.இசட். களங்கள் (பிற புரதங்களைப் பற்றும் பகுதிகள்) ஏற்பிகளையும் அவற்றின் துணைப்புரதங்களையும் பிடிக்க, வால்பகுதியிலுள்ள ஜி.கே. களம் கீழடுக்கின் எஸ்.ஏ.பி.ஏ.பி. புரதத்தைப் பிடிக்கிறது, அது ஷாங்க் என்னும் புரதத்தைப் பற்ற, ஷாங்க் ஹோமர் என்னும் புரதத்தோடு சேர்ந்து இன்னும் ஆழத்தில் வலையாகிறது. ஒரு சினாப்ஸில் இவ்வகைப் பி.எஸ்.டி-95 மூலக்கூறுகள் ஏறத்தாழ 300 இருக்கும்.

இங்கே மதிப்பிடப்படும் கருவி, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டான் அர்னால்டு, ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் ஆய்வகங்கள் 2013-இல் வெளியிட்டது. பிளாஸ்மிடாக ஆட்ஜீன் என்னும் இலாபநோக்கற்ற களஞ்சியத்தின் வழியே ஆய்வகங்களுக்குக் கிடைக்கிறது. ஃபைப்ரோநெக்டின் என்னும் புரதத்தின் சிறு களம் ஒன்றை அடித்தளமாக்கி, அதன் வளையங்களை மாற்றிமாற்றி உருவாக்கிய மாபெரும் தொகுப்பிலிருந்து, பி.எஸ்.டி-95-ஐப் பற்றும் வடிவத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆன்டிபாடியைப் போல், செல்லுக்குள் எளிதில் உருவாகாத டைசல்பைடு பிணைப்புகளை நம்பியிராததால், இது செல்லின் உட்சூழலிலும் சரியாக மடிகிறது. செல் தானாக உற்பத்தி செய்த புரதத்தின் மேல் இது போய் அமர்கிறதே தவிர, புதிய பி.எஸ்.டி-95 எதையும் சேர்ப்பதில்லை.

இருப்பினும் இக்கருவியின் உண்மையான சிறப்பு பிணைப்பில் இல்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது. இலக்கைவிட ஃபிங்ஆர் மிகுந்துவிட்டால், ஒட்டாமல் மிதக்கும் மூலக்கூறுகள் எங்கும் ஒளிர்ந்து பின்னணியை நிரப்பிவிடும். இதைத் தடுக்க அதனுடன், டி.என்.ஏ-வைப் பற்றும் துத்தநாக விரல் களம் ஒன்றையும், மரபணு வெளிப்பாட்டை ஒடுக்கும் களம் ஒன்றையும் இணைத்திருக்கிறார்கள்: இடம் கிடைக்காத ஃபிங்ஆர் உட்கருவுக்குள் சென்று, தன் மரபணுவின் முன்பகுதியில் ஒட்டி, தன் உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே உட்கரு சற்றே ஒளிர்வதைக் கண்டு படம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை; கட்டுப்பாடு வேலை செய்வதற்கு அதுவே அடையாளம். முழு பிளாஸ்மிடைப் பயன்படுத்தாமல் ஃபிங்ஆர் பகுதியை மட்டும் வெட்டி, தங்களுக்குப் பழகிய வேறு முன்னியக்கியின் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதியின்) பின்னால் வைப்பவர்கள் இந்தச் சிறப்பையே இழந்துவிடுகிறார்கள் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

மரபணுவிலேயே ஒளிர்குறி பதித்த எலிகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். வழக்கமான அவ்வெலிகளில் எல்லா நியூரான்களும் ஒளிர்வதால், எந்தப் புள்ளி எந்தச் செல்லுடையது என்று பிரித்தறிவது கடினம். ஃபிங்ஆரோ பிளாஸ்மிட் புகுந்த செல்லில் மட்டுமே ஒளிர்கிறது. ஆகவே ஒரே நியூரானின் கிளைகள் முழுவதிலும் சினாப்ஸ்களின் பரவலைத் தொடர்ந்து கவனிக்க முடிகிறது.

குறைகளில் முதன்மையானது தனித்தன்மை பற்றியது. இது பி.எஸ்.டி-95-ஐ மட்டுமன்றி, அதன் உறவினர்களான எஸ்.ஏ.பி-97, எஸ்.ஏ.பி-102 ஆகியவற்றையும் பற்றுகிறது, பி.எஸ்.டி-93-ஐப் பற்றுவதில்லை. முதிர்ந்த புறணி நியூரான்களில் இது பெரிய இடையூறன்று. ஆனால் வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்தில் எஸ்.ஏ.பி-102 ஓங்கியிருப்பதால், இளம் நியூரான்களில் கிடைக்கும் ஒளிப்புள்ளியைப் பி.எஸ்.டி-95 என்று எழுதுவது சரியாகாது. அடுத்தது, பொது நுண்ணோக்கியின் வரம்பு: சாரத்துக்குள் பி.எஸ்.டி-95 ஏறத்தாழ 80 நானோமீட்டர் அளவுள்ள நுண்திரள்களாகக் குவிகிறது. அத்திரள்கள் எதிர்முனையில் ரிம் புரதம் குவிந்த, நரம்புக்கடத்தி வெளியேறும் இடங்களுக்கு நேராக அமைகின்றன என்று 2016-இல் தெரியவந்தது. 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்தறிய இயலாத கருவியில் ஃபிங்ஆர் ஒரு சினாப்ஸை ஒரே புள்ளியாகத்தான் காட்டும். சாரத்தின் உள்ளமைப்பே கேள்வியென்றால் மீநுண் நுண்ணோக்கி இல்லாமல் இதை வாங்கிப் பயனில்லை.

தடைச் சினாப்ஸ்களுக்கான இணைக்கருவி, அங்குள்ள சாரப்புரதமான கெஃபிரினைப் பற்றுகிறது. வேறொரு துத்தநாக விரலும் வேறொரு நிறமும் கொண்ட வடிவமாகத் தேர்ந்துகொண்டால், இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்து இயக்கலாம். ஒன்றின் கட்டுப்பாடு மற்றதில் தலையிடுவதில்லை. கிளர்ச்சி, தடை ஆகிய இருவகைச் சாரங்களின் விகிதத்தை ஒரே உயிருள்ள நியூரானில் தொடர்ந்து அளக்க விரும்புபவர்களுக்கு, இந்த இணையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பி.எஸ்.டி-95-க்கான கருவியை மட்டும் வாங்குபவர்கள், தங்கள் செல்களின் வயதைக் கருதிய பின்னரே முடிவெடுப்பது நல்லது.