கூட்டத்தில் புது வாத்து: நேரடியாகவா, இரவிலா, வலைத் தடுப்பா, திறந்த வெளியா?

கோழியோ வாத்தோ ஏற்கெனவே இருக்கும் கொட்டிலில் புதிதாக ஒரு வாத்தைச் சேர்க்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. வந்ததும் கூட்டத்துக்குள் விட்டுவிடுவது ஒன்று. இருட்டிய பிறகு கொட்டிலுக்குள் வைத்துவிடுவது இன்னொன்று. கம்பி வலைக்கு மறுபுறம் சில நாள் வைத்துப் பழக்குவது மூன்றாவது. பழைய பறவைகள் வழக்கமாகப் புழங்காத திறந்த வெளியில் எல்லாவற்றையும் ஒன்றாக மேயவிடுவது நான்காவது. கோழிக்கூட்டத்துக்கு வலைத் தடுப்பு, வாத்துக்கூட்டத்துக்குத் திறந்த வெளி என்பதே எங்கள் தேர்வு. கோழிக்குச் சரிப்பட்ட முறையை வாத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான சேர்க்கைகள் கெடுகின்றன.

நான்குக்கும் முன்னால் தனிமை

எந்த வழியானாலும் புதுப் பறவை நான்கு வாரம் தனியாக இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கும் வாத்து எந்த அறிகுறியும் காட்டாமல் நடமாடலாம். அதே கிருமி கோழிகளைச் சடுதியில் கொன்றுவிடும். வாத்து பிளேக் நோய் தொற்றிய 3 முதல் 7 நாளில் வெளிப்படும், ஆனால் பிழைத்த வாத்து நெடுநாள் கிருமியைச் சுமக்கக்கூடும். ஆகவே எங்கிருந்து வந்தது, அங்கே அண்மையில் பறவைகள் செத்தனவா என்று கேட்டறிவதும் தனிமையின் ஒரு பகுதிதான்.

தனிமைக் கூண்டுக்கென்று தனிச் செருப்பு, தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனித் துடைப்பம் வேண்டும். தினமும் பழைய பறவைகளைக் கவனித்து முடித்த பிறகே புதிதிடம் போக வேண்டும். கண்ணில் நுரை, மூக்கில் சளி, உள்ளங்காலில் கறுத்த பொருக்குடன் வீக்கம், இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், எச்சத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். குடற்புழு நீக்கத்தையும் இந்த நாட்களிலேயே கால்நடை மருத்துவரைக் கேட்டு முடித்துவிடலாம்.

நாட்களை மிச்சம் பிடிக்க நினைத்து, தனிமைக் கூண்டையே கொட்டிலை ஒட்டி வைத்து, தனிமை, பழக்குதல் இரண்டையும் ஒன்றாக முடிக்கப் பார்ப்பவர்கள் பலர். தும்மலும் தூசியும் வலையைத் தாண்டும். குறைந்தது 10 மீட்டர் இடைவெளி, முடிந்தால் காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறம். பழக்குவது தனிமை முடிந்த பிறகுதான்.

நேரடியாக விடுவது

விசாலமான இடம், ஒரே அளவுள்ள பறவைகள், ஒன்றுக்கு மேற்பட்ட புதுவரவுகள் இருந்தால் இது சில சமயம் தானாகவே சரியாகிவிடும். கோழிகள் மட்டுமே இருக்கும் சிறிய அடைப்பில் ஒற்றை வாத்தை விடுவதுதான் ஆபத்து. கோழி கொத்துவது தலையையும் கண்ணையும் குறிவைத்து. ரத்தம் கசிந்துவிட்டால் மற்ற கோழிகளும் அதே இடத்தைக் கொத்தும். வாத்தின் அலகு மழுங்கல், கால்கள் நடக்கவும் நீந்தவும் ஆனவை. துள்ளி உதைக்க வராது. மூலையில் மாட்டிய வாத்துக்குத் தப்ப வழியில்லை. அடைப்பே இல்லாத இடத்தில் விட்டாலோ வேறு தொல்லை: எது தன் இடம் என்று தெரியாததால் அது நடந்தே தொலைதூரம் போய்விடும்.

இரவில் விடுவது

கோழிக்கு இது நல்ல முறை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பரணில் அமர்ந்தபடி விடியும்போது பக்கத்தில் ஒன்று கூடியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. வாத்து அப்படியல்ல. தரையில் படுக்கும், இரவில் விழித்து நடமாடும், இருட்டிலும் ஓரளவு பார்க்கும், புது இடமென்றால் கத்தும். வாத்துக்கூட்டமானால் உள்ளே வைத்த அடுத்த நிமிடமே எல்லாம் எழுந்து துரத்தும். கோழிக்கொட்டிலானால், கதவு திறக்கும் முன் விடியற்காலையில் மூடிய அறைக்குள்ளேயே சண்டை நடந்து முடிந்துவிடும். மற்ற முறைகளில் ஏற்கெனவே பழகிவிட்ட வாத்தை முதன்முதலாக உள்ளே தூங்க வைக்க மட்டும் இரவு நேரம் உதவும்.

வலைத் தடுப்பு

வேலை அதிகம், நாளும் அதிகம். ஆனால் எங்கே தவறுகிறது என்பது ரத்தம் வருமுன்பே தெரிந்துவிடும் என்பதால் கோழிக்கூட்டத்துக்கு இதையே முதலிடத்தில் வைக்கிறோம்.

வலைக்கண் 12 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் வாத்து தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும், கோழியும் மறுபுறமிருந்து கொத்தும். வலையின் ஒரு பகுதியில் முழங்கால் உயரத்துக்குப் பலகை சாத்திவிட்டால், பார்வையிலிருந்து ஒதுங்க வாத்துக்கு ஓர் இடம் கிடைக்கும். உள்ளே ஒரு வாத்துக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர் தரை, நிழல், உலர்ந்த கூளம். தண்ணீர்ப் பாத்திரம் தலை முழுக மூழ்கும் ஆழத்தில், அதாவது 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவ முடியாத வாத்துக்குக் கண் ஒட்டிக்கொண்டு புண்ணாகும்.

அந்தத் தண்ணீரே அடுத்த சிக்கலையும் கொண்டுவரும். வாத்து இரைக்கும் தண்ணீருக்கும் மாறி மாறி ஓடி, சுற்றிலும் சேறாக்கும். ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கோழியின் கண்ணையும் சுவாசத்தையும் கெடுக்கும். கோழிக்கு ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் நுண்ணுயிரும் ஈரத்தில்தான் பெருகும். பாத்திரத்தைச் சரளை நிரப்பிய தட்டின் மேல் சட்டகம் போட்டு வையுங்கள். சேர்த்த பிறகும் தண்ணீர் கொட்டிலுக்கு வெளியில்தான் இருக்க வேண்டும். இரவில் தண்ணீர் உள்ளே இல்லையென்றால் தீவனமும் உள்ளே வேண்டாம். தண்ணீரின்றி உலர்தீவனம் தின்னும் வாத்துக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

வலையின் இரு பக்கமும் எதிரெதிரே தீவனத் தட்டுகளை வையுங்கள். முதல் இரண்டு நாள் கோழிகள் வலை மீது பாயும். பிறகு முறைத்துப் பார்க்கும். பாய்ச்சல் நின்று இரு தரப்பும் அருகருகே நின்று தின்னத் தொடங்கும்போது கதவைத் திறக்கலாம். இதற்குப் பொதுவாக 7 முதல் 14 நாள் ஆகும். நாளை எண்ணித் திறக்காதீர்கள், நடத்தையைப் பார்த்துத் திறங்கள். முதல் முறை மாலையில், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கீரையை நான்கைந்து இடங்களில் தூவிவிட்டுத் திறந்தால் கவனம் இரையில் போகும். இரவுக்குத் திரும்பவும் தனித்தனியே அடைத்து, மூன்று நான்கு நாளில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஓரிரு கொத்து, சிறு துரத்தல், ஓரிரண்டு இறகு பிடுங்கல் இயல்பு. ரத்தம் கண்டாலோ, மேலேறி அமுக்கினாலோ, வாத்தைத் தட்டுப் பக்கமே விடாமல் விரட்டினாலோ உடனே பிரித்துவிட வேண்டும். பல சமயம் தொல்லை தருவது ஒரே ஒரு கோழிதான். அந்நிலையில் வாத்தை எடுக்காமல் அந்தக் கோழியை மூன்று நான்கு நாள் கண்காணாத இடத்தில் வையுங்கள். திரும்பும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும்.

திறந்த வெளி

வாத்தும் வாத்தும் சேர இதுவே எளிது. பழையவை தலையை ஆட்டி, மார்பால் முட்டி, முதுகு இறகைக் கவ்வித் துரத்தும். ஓட இடமிருந்தால் அது பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். வாத்துக்குக் கூட்டமாக நகர்வதுதான் இயல்பு, புதியதும் வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். முன்னதாக இரண்டு மூன்று நாள் வலைக்குப் பின்னால் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. முதல் சந்திப்பு ஆழமான நீரில் வேண்டாம்: ஆண் வாத்துகள் பெட்டையை நீரில் அமுக்கி மூழ்கடித்துவிடும்.

முறையைவிட முக்கியமான மூன்று தேர்வுகள்

ஒன்றா, இரண்டா? இரண்டு. ஒற்றை வாத்து கோழிகளோடு வாழ்ந்துவிடும், ஆனால் துணையில்லாமல் கத்திக்கொண்டே திரியும், கொத்தும் முழுக்க அதன் மேலேயே விழும்.

ஆணா, பெட்டையா? கோழிகள் மட்டுமே உள்ள இடத்துக்கு ஆண் வாத்து கூடவே கூடாது. ஆண் வாத்துக்குப் புறத்தே நீளும் உறுப்பு உண்டு, சேவலுக்கு இல்லை. கோழியை மிதித்தால் உள்காயம் பட்டு அது சாகலாம். வாத்துக்கூட்டத்தில் ஓர் ஆணுக்கு நான்கு முதல் ஆறு பெட்டைகள் வேண்டும். வளர்ந்த பெட்டை உரக்கக் கத்தும். ஆணின் குரல் கம்மியிருக்கும், வால் மேல் சுருண்ட இறகு இருக்கும். மஸ்கோவி இனத்துக்கு மட்டும் இந்த அடையாளம் பொருந்தாது.

குஞ்சா, வளர்ந்ததா? இறகு முழுதும் முளைத்து, பழைய பறவைகளின் உருவத்தை நெருங்கும் வரை கலக்காதீர்கள். பல இனங்களில் 8 வாரத்துக்கு மேல். இளசு கூட்டத்தில் சேர்ந்த பிறகு முட்டைக்கோழித் தீவனத்தைப் பொதுத் தீவனமாக வைக்கக் கூடாது. அதிலுள்ள 3.5 முதல் 4 சதவீதக் கால்சியம், முட்டையிடாத பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மருந்து கலக்காத வளர்பருவத் தீவனம் கொடுத்து, கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். வாத்துக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் நியாசின் (பி வைட்டமின்களில் ஒன்று) தேவை. கோழித் தீவனத்தில் அது குறைந்தால் கால் வளையும், நடை தள்ளாடும். மது வடிக்கப் பயன்படும் ஈஸ்ட் (brewer's yeast) கலந்து அந்தக் குறையை ஈடுகட்டலாம்.

கொட்டிலில் வாத்தின் படுக்கை கோழிப் பரணுக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் எச்சம் அதன் மேல் விழும். வாத்து ஏணி ஏறாது. வாசல் தரைமட்டத்திலேயே இருக்கட்டும், அல்லது குறுக்குச் சட்டம் அடித்த அகலமான சாய்பலகை வையுங்கள்.