பிரான்ஸ்டன் முதல் பிரென்ட்ஃபோர்டு வரை: கால்வாயா, தேம்ஸா?

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பிரான்ஸ்டனிலிருந்து நேரோபோட்டில் (கால்வாய்களுக்கென்றே ஒடுக்கமாகக் கட்டிய நீளப் படகு) லண்டன் பிரென்ட்ஃபோர்டுக்கு வர இரண்டு வழி. கிராண்ட் யூனியன் கால்வாயில் நேராக இறங்கினால் சுமார் 150 கி.மீ., நூறு லாக் (படகை ஏற்றி இறக்க நீர்மட்டத்தை மாற்றும் கதவடைப்புத் தொட்டி). இல்லையென்றால் நேப்டனில் பிரிந்து ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய், அங்கிருந்து தேம்ஸ்.

குறித்த தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமா? கால்வாய்தான். மழை வலுத்தால் தேம்ஸ் லாக்குகளில் எச்சரிக்கைப் பலகை ஏறிவிடும். மஞ்சளில் ‘நீரோட்டம் கூடுகிறது’ என்றிருந்தால் கரை சேர்வது நல்லது. சிவப்பு என்றால் கட்டிய படகை அவிழ்க்கவே வேண்டாம். அந்தக் காத்திருப்பு இரண்டு நாளாகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

உடலுழைப்பு கிராண்ட் யூனியனில்தான் அதிகம். லாக் 14 அடி அகலம், கதவு கனம். இன்னொரு படகு ஜோடி சேர்ந்தால் பாதி வேலை மிச்சம். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் 7 அடி லாக், ஒருவரே சமாளிக்கலாம். எந்த லாக்கில் கீழே இறங்கினாலும் படகின் பின்பக்கம் லாக் சுவரிலுள்ள வெள்ளைக்கோட்டைத் தாண்டி முன்னே நிற்கட்டும்; மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் படியில் சுக்கான் உட்கார்ந்தால் படகு மூக்குக் குத்திவிடும். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கீழே தேம்ஸில் 33 லாக், கதவெல்லாம் இயந்திரத்தில் நகரும். எஞ்சினை அணைத்து, முன்னும் பின்னும் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கையில் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் நீர் இறங்கும்போது படகு தொங்கும்.

ஆற்றில் படகைக் காலை வாருவது பெரும்பாலும் எஞ்சின்தான். கால்வாயில் 1200, 1400 ஆர்.பி.எம்.மில் சுகமாக ஓடியது, ஆற்றில் 1800க்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். படகு குலுங்கி டீசல் டேங்க்கின் அடிக்கசடு கிளம்பும். ஃபில்டர் அடைத்து எஞ்சின் நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டு வருமுன் டேங்க்கில் தேங்கிய நீரை வடித்து, ஃபில்டரை மாற்றி, உபரியாக ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லரில் சிக்கும் களையை எடுக்க அதற்கு மேலுள்ள திறப்பான வீட் ஹாட்ச்சின் மூடி சரியாக இறுகாவிட்டால் அந்த வேகத்தில் நீர் பீய்ச்சி எஞ்சின் அறையை நிரப்பும். படகு மூழ்க அதுவே போதும். எதிர்நீரோட்டத்தில் குளிர்விக்கும் டேங்க் போதாமல் எஞ்சின் சூடேறும். அதனால் தேம்ஸில் இறங்கி, திரும்பும்போது கிராண்ட் யூனியனில் ஏறுவதையே நான் சொல்வேன்.

நங்கூரம் கால்வாயில் அலங்காரம். அணைக்கட்டுக்கு மேலே எஞ்சின் நின்றால் அதுதான் உயிர். 57 அடிப் படகுக்கு 20 கிலோ, ஐந்து மீட்டர் சங்கிலி, முப்பது மீட்டர் கயிறு. கயிற்றின் மறுமுனை முன்கூட்டியே படகின் முன்பக்கத்தில் கட்டியிருக்க வேண்டும். கட்ட மறந்து வீசினால் எல்லாமே ஆற்றோடு போகும்.

தேம்ஸின் டெடிங்டன் லாக்குக்குக் கீழே கடல் ஏற்றவற்றம். பிரென்ட்ஃபோர்டு லாக்கை முன்பதிவு செய்து, டெடிங்டன் லாக் காப்பாளர் சொல்லும் நேரத்துக்குக் கிளம்புங்கள். பிரென்ட்ஃபோர்டு கால்வாயின் வாய் இடக்கரையில் வரும். வற்று நீரில் வந்தால் சட்டென வெட்டித் திரும்பாமல் கொஞ்சம் தாண்டிப்போய், நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி உள்ளே நுழையுங்கள்.