கருத்துக்களங்களோடு பதினெட்டு வருடம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தொழிலில் பாதியைக் கற்றுக்கொடுத்தது இணையக் கருத்துக்களங்கள்தான், அதாவது பலரும் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் ‘ஃபோரம்’ தளங்கள். முதல் களத்தில் பெயர் பதிந்தது 2007-ல். ஒரு பொருளைப் பல வருடம் பயன்படுத்திவிட்டு அனுபவம் எழுதுவார்களே, அதுமாதிரிதான் இதுவும். என்ன, இந்தப் பொருள் இப்போது கடையில் கிடைக்காது.

அப்போது விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் தமிழ் ஒழுங்காகத் தெரியவே சிடியைப் போட்டு ஒரு கோப்பை நிறுவ வேண்டும். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டித் தட்டித்தான் எழுதுவோம். புதிதாக வருகிறவர் முதலில் அறிமுகப் பகுதியில் வணக்கம் சொல்ல வேண்டும். ‘உதவி தேவை’ என்று மட்டும் தலைப்பு வைத்துத் திரி (ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் பதில்களும்) தொடங்கினால், களத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் உடனே பூட்டிவிடுவார். பழுது என்ன, என்ன மாடல் என்று தலைப்பிலேயே இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி உயிரை எடுக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. அந்தத் தலைப்புகளால்தான் கூகுளில் தேடினவுடன் திரி கையில் வந்து விழுந்தது என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு திரியைச் சொல்கிறேன். கடலூரில் உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் கணினிகளில் ராம் எனும் நினைவக அட்டையின் முனைகள் கருத்துப்போயிருக்கும். திரையில் ஒன்றும் வராது, உள்ளே பீப் பீப் என்று கத்தும். அட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் முனைகளைத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதை 2008-ல் எழுதினேன். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் வந்து, அழுத்தித் தேய்க்காதீர்கள், தங்கப்பூச்சு போய்விடும் என்றார். தூத்துக்குடிக்காரர், துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே போதும் என்றார். நாலு நாளில் திரி அடங்கிவிட்டது. ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் புதிதாகப் பெயர் பதிந்து, ‘வேலை செய்தது, நன்றி அண்ணா’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். அதற்கப்புறம் அவர் வேறெதுவும் எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காகவே கணக்குத் தொடங்கியிருப்பார்போல.

கூட்டம் என்று குறைந்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. முதலில் அரட்டைக்காரர்கள் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் எல்லாருக்கும் இணையம் என்றாலே போன்தான் என்றாகிவிட்டது. களத்தின் பக்கத்தைப் போனில் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்க யாருக்குப் பொறுமை? 2017-ல், இலவசமாகப் படம் ஏற்றிவைக்க இடம் கொடுத்திருந்த ஒரு தளம் திடீரென்று காசு கேட்டது. எங்கள் பழைய திரிகளில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் சதுரம். களத்தின் அடியில் ‘தற்போது இணைந்திருப்போர்’ என்று ஒரு பெட்டி உண்டு. கடைசிக் காலத்தில் அதில் உறுப்பினர் ஒருவர், விருந்தினர் நாற்பது பேர் என்று காட்டும். அந்த ஒருவர் நான். விருந்தினர்கள் பெரும்பாலும் தேடுபொறிகளின் ரோபோக்கள்.

பெரிய இடங்களே நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் போனது, 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் போயின. எங்கள் களம் எம்மாத்திரம்? ஒருநாள் திறந்தால் முகவரியே விற்பனைக்கு என்று வந்தது. நடத்தினவர் கைக்காசு போட்டுத்தான் பத்து வருடம் ஓட்டினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

களம் ஒன்றும் சொர்க்கமும் இல்லை. பழைய ஆட்களுக்குத் தலைக்கனம் உண்டு. புதிதாக ஒருத்தர் கேள்வி கேட்டால், ‘தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்’ என்று விரட்டுவோம். நானும் விரட்டியிருக்கிறேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதுதான் நஷ்டம் உறைத்தது. சர்வீஸ்காரர்களின் போன் குரூப்பில் ஒரே கேள்வி: தண்ணீரில் நனைந்த கணினியை என்ன செய்வது? ஒருவருக்குப் பதில் தட்டி முடிப்பதற்குள் அது மேலே போய்விடும். அரை மணியில் இன்னொருவர் அதையே கேட்பார். இரண்டு நாளில் பதினோரு முறை எழுதினேன். 2015 வெள்ளத்தில் இதைப் பற்றி விரிவாக ஒரு திரி போட்டிருந்தோம். மின் இணைப்பு கொடுத்துச் சோதித்துப் பார்க்காதே, ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வை, போர்டில் உள்ள பட்டன் பேட்டரியை எடு, சேற்றை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு நாலு நாள் நிழலில் மின்விசிறி போட்டுக் காய வை, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காமல் புதிதாக மாற்று என்று வரிசையாக இருந்தது. அதைத் தேடி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய முகவரியைப் போட்டேன். முதல் பக்கம் கிடைத்தது, இரண்டாம் பக்கம் இல்லை. யார் வீட்டுக் கணினி பிழைத்தது, யாருடையது போனது என்று எல்லாரும் வந்து சொன்னது அந்த இரண்டாம் பக்கத்தில்தான்.

குரூப்பில் வேகம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கருகிய போர்டைப் படமெடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் பதில். ஆனால் அது அன்றைக்கு அங்கே இருந்தவருக்கு மட்டும்தான். கடைப் பையன் இப்போது குரூப்பிலும் கேட்பதில்லை, சாட்ஜிபிடியிடம் கேட்கிறான். சாட்ஜிபிடி வந்தபிறகு, நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலேயே கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. போன வாரம் பீப் சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறான். ரப்பரால் தேய்க்கச் சொல்லியிருக்கிறது, அழுத்தாமல். “இதுக்கு எப்படிண்ணா தெரியும்?” என்றான். யாரோ எழுதி வைத்திருப்பாங்கடா என்றேன்.

வேபேக்கில் கிடைத்த அந்த முதல் பக்கத்தை அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் அதைப் படமெடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். இரண்டு படமும் இந்நேரம் மேலே போயிருக்கும்.