கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர்: திருச்சியா, சென்னையா?

வான்வழிக் கணக்கில் சென்னைதான் சிங்கப்பூருக்குக் கொஞ்சம் கிட்ட. சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து சுமார் 2,980. அந்த 60 கிலோமீட்டரை விமானம் 5 நிமிடத்துக்குள் கடந்துவிடும். எங்கிருந்து ஏறினாலும் நேர் விமானம் பறப்பது ஏறக்குறைய 4 மணி நேரம். டெல்டாக்காரருக்கு நேரம் கரைவதெல்லாம் ரோட்டில்தான்.

கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட் தஞ்சாவூர் வழியாக 100 கிலோமீட்டரை ஒட்டி வரும். காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னால் போய் நின்றாலும், வீட்டு வாசலிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டில் இறங்க ஒன்பதரை மணி நேரம் போதும். சென்னை என்றால் ரோடு மட்டுமே 250 கிலோமீட்டருக்கு மேல். விக்கிரவாண்டி, திண்டிவனம் தாண்டி மீனம்பாக்கம் சேர 6 மணி நேரமாவது ஆகும். மொத்தம் 13 மணி நேரத்தை எட்டிவிடும். இரவு உழவன் எக்ஸ்பிரஸில் போய் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் ஏர்போர்ட் எதிரிலேயே இருக்கிறது. செலவு குறையும், ஆனால் பகல் விமானத்துக்குத்தான் சரிப்படும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை வைத்து எது வேகம் என்று முடிவு கட்ட வேண்டாம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் போகும்போது ஆறரை மணி நேரம் போலவும், திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் போலவும் தெரியும். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போன தலைமுறைக்கு இதே பயணம் நாள் கணக்கில் ஆனது.

சென்னைக்கு ஒரு பலம் உண்டு. லக்கேஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்தே டிக்கெட் தரும் பெரிய விமான நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. திருச்சியில் பெரும்பாலும் சிக்கன விமானங்கள்தான். பெட்டி எடைக்குத் தனியாகப் பணம் கட்ட நேரும். வடகம், வத்தல், காபித்தூள் என்று அம்மா கட்டிக்கொடுப்பதை வீட்டிலேயே தொங்கு தராசில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். அங்கே கவுன்ட்டரில் வரிசையை நிறுத்தி, பெட்டியைத் தரையில் பிரித்து வத்தல் பொட்டலத்தை வெளியே எடுத்து வைப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். கூடுதல் எடைக்கு டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிட்டால், கவுன்ட்டரில் கேட்பதைவிடப் பொதுவாகக் குறைவாகவே ஆகும். அதையும் சேர்த்துத்தான் இரண்டு டிக்கெட்டையும் ஒப்பிட வேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு திருச்சியைப் பிடிக்கலாம். வயதானவர்கள், கைக்குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். சீர்காழி, கொள்ளிடம் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் நெருங்கி வரும். அங்கிருந்து திருச்சி 150 கிலோமீட்டரைத் தொடும், சென்னை 250 இருக்கும். பெரிய பெட்டிகளோடு போகிற குடும்பத்துக்குச் சென்னை டிக்கெட் மலிவாக அமைந்தால் தயங்காமல் எடுக்கலாம்.