எச்சரிக்கை: லாரி வாங்கும்போது காலி எடையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

ஈரோடு மாவட்டத்தில் சொந்த வண்டி வைத்து, அதை நானே ஓட்டிப் பிழைப்பவன் நான். எட்டு ஆண்டுகள் ஒரு சிறிய சரக்கு வண்டியில் மஞ்சள் மூட்டையும் ஜமுக்காளக் கட்டும் ஏற்றிவிட்டு, சென்ற ஆண்டு தொடக்கத்தில் ஆறு சக்கர லாரி ஒன்றைப் பழைய வண்டித் தரகர் ஒருவர் மூலம் வாங்கினேன். அந்த வண்டியை ஓட்டுவதற்கு என் ஓட்டுநர் உரிமம் செல்லாது என்பது, அது மோதி நொறுங்கி, காப்பீட்டு நிறுவனம் கையை விரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னை ஏமாற்றிய பேச்சில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் நான் விழுந்தேன். இப்போதும் பலரிடம் அதே பேச்சைப் பேசி வண்டி விற்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது எல்.எம்.வி. உரிமம், அதாவது இலகுரக வாகனத்துக்கானது. 2016-இல் அதில் டிரான்ஸ்போர்ட் என்றும் பதிந்து வாங்கியிருந்தேன். நம் பக்கத்தில் அதைப் பேட்ஜ் போடுவது என்பார்கள். குட்டியானை ஓட்டுவதாக இருந்தாலும் பேட்ஜ் இல்லாமல் ஓட்டினால் வழியில் பிடிப்பார்கள் என்ற காலம் அது. அதனால் என் அட்டையில் செல்லுபடித் தேதி இரண்டு இருக்கும்: சொந்த உபயோக வண்டிக்கு ஒன்று, டி.ஆர். என்ற எழுத்துகளோடு வாடகை வண்டிக்கு ஒன்று. இந்த 'டி.ஆர்.' என்ற இரண்டு எழுத்துகளை நம்பித்தான் நான் கெட்டேன்.

தரகர் சங்ககிரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். வண்டியைக் காட்டிய அன்றே நான் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஹெவி லைசென்ஸ் வேணுமில்லைங்களா?" என்பதுதான். அவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து, ஒரு நாளிதழ்ச் செய்தியின் படத்தைக் காட்டினார். எல்.எம்.வி. உரிமம் உள்ளவர்கள் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகளைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6 அன்று சொன்ன தீர்ப்பைப் பற்றிய செய்தி அது. "கோர்ட்டே சொல்லிப்போட்டுதுங்ணா. உங்ககிட்ட பேட்ஜ் வேற இருக்குது. இந்த வண்டி எடை பாருங்க, 4,870 தான்" என்று ஆர்.சி.யில் ஒரு வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். நானும் பார்த்தேன். 4,870 என்றுதான் இருந்தது. அந்தக் கட்டைவிரல் மறைத்திருந்த அடுத்த வரியை நான் பார்க்கவில்லை.

4,870 என்பது காலி எடை. அடுத்த வரியில் இருந்த மொத்த எடை 11,120 கிலோ.

இந்த இடத்தைத்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள், அல்லது குழப்பப்படுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு இலகுரக வாகனம் எது என்று சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு அளவுகோல்களை வைக்கிறது. கார், டிராக்டர், ரோடு ரோலர் ஆகியவற்றுக்குக் காலி எடை 7,500 கிலோவைத் தாண்டக்கூடாது. சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டக்கூடாது. எண் ஒன்றுதான், அளப்பதுதான் வேறு. தரகர் டிராக்டருக்கான அளவுகோலை எடுத்து லாரிக்கு வைத்து அளந்துவிட்டார். அவருக்கு விவரம் தெரியாமல் நடந்தது என்று நான் முதலில் நினைத்தேன். கட்டைவிரலை நினைத்துப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை.

உச்ச நீதிமன்றம் சொன்னதும் மொத்த எடையை வைத்துத்தான். 2017 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு முகுந்த் திவாங்கன் வழக்கில் இதைச் சொன்னது. அதைப் பின்பற்றி 2018 ஏப்ரலில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்காமல் வழக்காடியதால் விஷயம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போய், 2024 நவம்பரில் பழைய தீர்ப்பே உறுதியானது. நம்மைப் போன்ற சிறு வண்டிக்காரர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பு குட்டியானைக்காரருக்கும், மொத்த எடை 7,490 கிலோ என்று பதிவான ஆறு சக்கர வண்டிக்காரருக்கும் கொடுத்த சலுகையை, 11 டன் வண்டிக்காரருக்குக் கொடுக்கவில்லை. வண்டித் தொழிற்சாலைகளே 7,490 என்று ஏன் நிறுத்தி வைத்துச் செய்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

நம்மை மேலும் ஏமாற்றுவது கண். 7,490 கிலோ வண்டியையும் 11 டன் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பாடி கட்டி, தார்ப்பாய் போட்ட பிறகு, பழக்கமில்லாதவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என்று ஆறு சக்கரம்தான். டாரஸ் போன்ற பெரிய லாரியைப் பார்த்தால் எவரும் ஹெவி என்று சொல்லிவிடுவார்கள். நடுத்தர வண்டியில்தான் கண் தோற்றுப்போகிறது. கேபினின் பக்கவாட்டில் காலி எடையும் மொத்த எடையும் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். என் வண்டியில் அந்த இடத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்து, காலி எடையை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது மீதியை எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அதையும் நம்பினேன்.

வண்டியின் விலை 9,40,000 ரூபாய். தரகருக்குக் கமிஷன் 20,000 ரூபாய், ரொக்கமாக, ரசீது இல்லாமல். ஆர்.சி.யும் காப்பீடும் என் பெயருக்கு மாறின. அந்த வேலைகளில் எந்தக் குறையும் இல்லை. பெயர் மாற்றும்போது யாரும் என் உரிமத்தைக் கேட்கவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரராக இருப்பதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை அல்லவா?

ஏப்ரலில் ஒரு நாள் சத்தியமங்கலத்தில் பாரம் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கவுந்தப்பாடிக்குச் சற்று முன்னால், இரவு பத்து மணிக்கு மேல், பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கரும்புத் தோகை கண்ணில் பட்டபோது இருபது அடிகூட இல்லை. பிரேக் பிடித்தும் டிரெய்லரின் பின்னால் இடித்துவிட்டேன். யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. எனக்கு முழங்காலில் நான்கு தையல். கேபினின் முன்பக்கமும் ரேடியேட்டரும் போய்விட்டன. பட்டறையில் போட்ட மதிப்பீடு 2,38,000 ரூபாய்.

காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து படம் எடுத்து, ஆர்.சி.யும் உரிமமும் நகல் வாங்கிப் போனார். ஆறு வாரம் கழித்து வந்த கடிதத்தில், வாகனத்தின் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் இருப்பதாலும், ஓட்டுநரிடம் அந்த வகைக்குரிய செல்லத்தக்க உரிமம் இல்லாததாலும் இழப்பீடு மறுக்கப்படுகிறது என்று இரண்டே வரியில் இருந்தது. நான் நேரில் போய், வண்டி காலியாகத்தான் வந்தது, எடைமேடையில் ஏற்றினாலும் ஐந்து டன்னைத் தாண்டியிருக்காது என்று வாதாடினேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகவே பதில் சொன்னார். மொத்த எடை என்பது அன்றைக்கு வண்டியில் இருந்த எடை இல்லை. வண்டியும் பாரமும் சேர்ந்து இவ்வளவு வரை போகலாம் என்று பதிவு அதிகாரி சான்றளித்துப் பதிந்த எடை. காலியாக ஓட்டினாலும், நிறைத்து ஓட்டினாலும் அந்த எண் மாறாது. வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டேன். என் பணத்தை வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாம் என்று சொல்லாமல், அவர்கள் சொல்வதுதான் சரி என்று சொன்ன அந்த மனிதருக்கு நன்றி.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த டிராக்டரில் இருந்தவர் இறந்திருந்தால், காப்பீட்டு நிறுவனம் அந்தக் குடும்பத்துக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை என்னிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கும். உரிமம் சரியில்லாத வழக்குகளில் அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. வீட்டை விற்றாலும் தீராத தொகையாக அது இருந்திருக்கும். இப்போது எனக்கு வந்தது உரிய உரிமமின்றி ஓட்டியதற்கான 5,000 ரூபாய் அபராதமும், டிராக்டர்க்காரருக்குக் கையிலிருந்து கொடுத்த 30,000 ரூபாயும், பட்டறைச் செலவும் மட்டும்தான். ஆள் வைத்து ஓட்டுகிற உரிமையாளர்களும் கவனிக்க வேண்டும்: உரிய உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 180-ஆம் பிரிவில் உரிமையாளருக்குத் தனியாக 5,000 ரூபாய் அபராதம் உண்டு. 'பேட்ஜ் இருக்குதுங்க' என்று டிரைவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அட்டையில் எந்த வகை எழுதியிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். எல்.எம்.வி. என்பதோடு சேர்ந்து வரும் டி.ஆர். வேறு, டிரான்ஸ் என்று தனி வகையாகவே வருவது வேறு; என் வண்டி போன்றதற்கு வேண்டியது இரண்டாவதுதான். 1994-இல் சட்டத்தைத் திருத்தி, நடுத்தர, கனரக வகைகளையெல்லாம் 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே பெயருக்குள் போட்டதிலிருந்து இந்தப் பெயர்க் குழப்பம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகியும் தீரவில்லை.

சமையல் எரிவாயு உருளை, பெட்ரோல், அமிலம் போன்றவற்றை ஏற்றுபவர்களுக்கு 7,500 கிலோ சலுகை மட்டும் போதாது. அபாயகரமான சரக்குக்கு வண்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதற்கென்று பயிற்சி எடுத்து உரிமத்தில் தனியாகப் பதிய வேண்டும். 2024 தீர்ப்பு அதைத் தொடவில்லை. இதையும் தரகர்கள் சொல்வதில்லை.

தரகரிடம் போனேன். "நான் காலி எடைன்னுதானுங்களே சொன்னேன், நீங்கதான் சரியாக் கேக்கலை" என்றார். காவல் நிலையத்தில், வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கேட்டார்கள். கமிஷனுக்கு ரசீதுகூட இல்லாத நான் எதைக் காட்டுவது? குறைந்தபட்சம் அந்தச் செய்திப் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கியிருக்கலாம்.

பிறகு ஹெவி எடுக்கலாம் என்று ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனால், அங்கே இரண்டாவது வலை. "உங்களுக்கு ஓட்டத் தெரியுமில்லைங்க, வண்டியே தொட வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க, படிவம் 5 நாங்க குடுத்துடறோம்" என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டார்கள். கற்றுக்கொடுத்ததாகப் பள்ளி தரும் சான்றிதழ்தான் படிவம் 5. அது இல்லாமல் கனரக உரிமம் கிடைக்காது. பயிற்சியே தராமல் தரப்பட்ட சான்றிதழ் ஒருநாள் கேள்விக்குள்ளானால், உரிமமும் அதோடு கேள்விக்குள்ளாகும் என்ற பயத்தில், அடிபட்ட நாயாக அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். வேறொரு பள்ளியில் எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் காத்திருந்து, அவர்களுடைய லாரியிலேயே ரிவர்ஸ் எடுத்துக் காட்டி, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டி உரிமம் வாங்கினேன். இருபது வயது நிறைந்து, எல்.எம்.வி. உரிமம் எடுத்து ஓராண்டு ஆனவர் எவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019-இலேயே எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லி யாராவது 'சர்டிபிகேட் ஏற்பாடு பண்ணித் தர்றோம்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சென்ற வாரம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. கோபியில் தேங்காய் ஏற்றும் தம்பி ஒருவர், வண்டி பார்த்திருப்பதாகவும், அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். எல்.எம்.வி. உரிமமே போதும் என்று தரகர் செய்திப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறாராம். எனக்கும் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், அதே படம். ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று கேட்டேன். சற்று நேரம் காகிதம் புரளும் ஓசை கேட்டது. "9,600ன்னு போட்டிருக்குதுங்ணா" என்றார்.