கடலூர் அரைநாள் ஆட்டோ ரவுண்டு: 5க்கு 3.5 குடுக்கலாம்

போன ஞாயித்துக்கெழம அப்பாவ கூட்டிக்கிட்டு புதுச்சேரியிலேந்து கடலூர் போனேன். மஞ்சக்குப்பத்துல எறங்குனதும் ஒரு ஆட்டோ அண்ணன்கிட்ட பேசி கோட்டை, ஓ.டி. (ஓல்டு டவுன், பழைய கடலூர்), கேப்பர் மலை மூணையும் காட்டணும், 900 ரூபான்னு முடிச்சோம், அவரு 1200ல ஆரம்பிச்சாரு, பேரம் எல்லாம் அப்பா வேலை.

மொதல்லயே சொல்லிடுறேன், செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர கேட்டுட்டு செஞ்சிக்கோட்டை மாதிரி எதிர்பாத்து போனீங்கன்னா செம்ம ஏமாத்தம். தேவனாம்பட்டினத்துல, கெடிலம் கடல்ல கலக்குற எடத்துக்கிட்ட கொஞ்சம் இடிஞ்ச செங்கல் சுவரு, முள்ளுச்செடி, அவ்ளோதான். அண்ணன் வண்டிய நிறுத்தி "இதான் சார்"ன்னாரு, அப்பா கண்ணாடிய தொடச்சி போட்டுக்கிட்டு "எதுப்பா?"ன்னாரு. 1758ல பிரெஞ்சு தளபதி லல்லி இங்கிலீஷ்காரன்கிட்டேந்து புடிச்சி தரைமட்டமாக்கிட்டான், அதனால புதுச்சேரிக்காரன் நான் குறை சொல்ல முடியாது, ஆனா 1761ல இங்கிலீஷ்காரன் வந்து எங்க ஊர இடிச்சி கணக்க தீத்துட்டு போயிட்டான்.

குடுத்த காசு வசூலானது குண்டு கதையில தான். 1690ல இங்கிலீஷ் கிழக்கிந்திய கம்பெனி இந்த கோட்டைய மராத்தியர்கிட்ட வாங்குறப்ப, கோட்டையிலேந்து பீரங்கி சுட்டா குண்டு எங்க போய் விழுதோ அதுவரைக்கும் நெலம் ஒனக்குன்னு பேச்சு. மெட்ராஸ்லேந்து மேலிடத்துக்காரன் என்ன சொல்லி அனுப்புனான் தெரியுமா, வெடிமருந்து கெட்டிச்சி எவ்ளோ தூரம் அனுப்பலாம்ங்கிறது சுடுறவன் சாமர்த்தியம்னு. அப்படியே சுத்திவர சுட்டு, உள்ள வந்த ஊரையெல்லாம் வளைச்சிட்டான், அந்த ஊருங்களுக்கு குண்டு கிராமங்கள்னே பேராயிடிச்சி. அண்ணன் ஒரு கையில ஹேண்டில்பார், இன்னொரு கையால "இந்தாண்ட சுட்டான், அந்தாண்ட சுட்டான்"னு காட்டிக்கிட்டே ஓட்டுறாரு, எனக்கு உசுரு கையில இல்ல. அப்பா ரிட்டயர்டு சர்வேயர், அவரு "நாங்கல்லாம் வெயில்ல சங்கிலி புடிச்சி அளந்தோம்டா, இவன் பீரங்கி வச்சி அளந்துட்டு போயிருக்கான்"னு அரை மணி நேரம் அதையே சொல்லி சொல்லி சிரிச்சாரு.

ஆனா அண்ணன் சொல்றத எல்லாம் அப்படியே நம்பிடாதீங்க. கோட்டைய கட்டுனது ராபர்ட் கிளைவுன்னு அடிச்சி சொன்னாரு. கிளைவு அப்ப பொறக்கவே இல்ல. 1746ல மெட்ராஸ பிரெஞ்சுக்காரன் புடிச்சதும் மாறுவேஷத்துல தப்பிச்சி இங்க ஓடி வந்த சாதாரண குமாஸ்தா அவன், அப்பறம் 1756ல இதே கோட்டைக்கு கவர்னரா வந்தான். கோட்டைய வாங்குனப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்தவன் எலிஹு யேல், அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி இருக்குல்ல, அந்த யேல் தான். அவன் வேல்ஸ் வம்சம், டேவிட் வேல்ஸ்காரங்களோட புனிதர், அதான் இந்த பேரு.

ஓ.டி.ய சும்மா ஓட்டிக்காட்டிட்டாரு. உப்பனாறு, படகுங்க, கருவாட்டு வாசனை, 10 நிமிஷம். அடுத்த சவாரி அவசரம்னு மூஞ்சிலயே தெரிஞ்சிச்சி, அதுக்கு தான் மார்க்கு கொறச்சேன்.

கேப்பர் மலை கம்பெனி பட்டாளத்து அதிகாரி ஒருத்தன் பேரு, நம்மாளுங்களுக்கு கேப்பர் மலைன்னா ஜெயில். எங்க ஊர்ல 10 வருஷம் இருந்த பாரதி 1918 நவம்பர்ல எல்லைய தாண்டுனதும் புடிச்சி கடலூர் ஜெயில்ல தான் போட்டாங்க, டிசம்பர்ல விட்டாங்க. இத அண்ணன் சொல்லல, அப்பா தான் அண்ணனுக்கு சொன்னாரு. அவரும் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு கேட்டாரு, அந்த அவசரத்துலயும்.

போறவங்க காலைல 7 மணிக்கே கெளம்பிடுங்க, தேவனாம்பட்டினத்துல நெழலே கெடையாது. ஓ.டி.க்கு ஒரு மணி நேரம் வேணும்னு ஏறும்போதே பேசிடுங்க. எறங்குறப்ப அண்ணன் வெயிட்டிங்க்கு 100 கேட்டாரு, அப்பா 50 குடுத்தாரு.