கொழும்பில் ஒரு பகல்: எந்த நூதனசாலை முதலில்?

கறுவாத்தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நூதனசாலைகள். பிள்ளைகளோடு போனால் எதில் முதலில் நுழைவது?

சின்னவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், 1986இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலைதான். பாடம் செய்த விலங்குகளை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம். என் ஆறு வயது மகள் தேவாங்கின் முன்னால் குந்திவிட்டாள். "அம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய கண்?" இரவில் இரை தேடுகிற பிராணி, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அந்தக் கண்தான் அள்ளிக்கொள்கிறது என்றேன். அப்புறம் அவளை நகர்த்தவே முடியவில்லை.

1877இல் தொடங்கிய தேசிய நூதனசாலை மிகப் பெரியது, சின்னக் கால்கள் களைத்துவிடும். ஆனால் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். கண்டி அரசரின் சிம்மாசனத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் நம் தமிழ் எழுத்து! தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளை அது சொல்கிறது. என் மூத்தவன் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடினான்.

சரி, இரண்டுக்கும் நேரமிருந்தால் காலையில் விலங்குகள், விகாரமகாதேவி பூங்காவில் சாப்பாடு, பிறகு கல்வெட்டு.